பெயர் மாறி வரும் மருந்து: டி.ஓ.பி.யும் அதன் குடும்பமும்

டி.ஓ.பி. என்பது ஆம்பெட்டமைன் வழியில் வந்த செயற்கை மாயத்தோற்ற மருந்து. வேதியியலில் அதன் பெயர் 2,5-டைமெத்தாக்சி-4-புரோமோஆம்பெட்டமைன். மருந்துகளுக்கான சர்வதேசப் பொதுப்பெயர்ப் பட்டியலில் அது புரோலாம்ஃபெட்டமைன். டி.ஓ.எம்., டி.ஓ.சி., டி.ஓ.ஐ. என்று அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. நான்கிற்கும் உடல் ஒன்றே; ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும் அணுக்கூட்டம் மட்டும் வேறு. டி.ஓ.பி.யில் அந்த இடத்தில் புரோமின், டி.ஓ.சி.யில் குளோரின், டி.ஓ.ஐ.யில் அயோடின், டி.ஓ.எம்.மில் மெத்தில். இந்தக் கூட்டத்தை மொத்தமாக டி.ஓ.எக்ஸ். என்பது வழக்கம். எல்.எஸ்.டி., எக்ஸ்டசி, மெத் ஆகிய பெயர்களைத் தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். டி.ஓ.பி.யின் பெயரை மருத்துவர்களிலேயே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அது தன் சொந்தப் பெயரில் விற்கப்படுவது அபூர்வம். பெரும்பாலும் சிறு காகிதத் துண்டில் ஊறவைக்கப்பட்டு, எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் என்ற பெயரிலேயே கைமாறுகிறது. இந்த மருந்தால் வந்த கேடுகளில் பெரும்பகுதி அந்தப் பெயர் மாற்றத்திலிருந்து பிறந்தது.

இதன் வரலாறு இரண்டு மூலக்கூறுகளில் தொடங்குகிறது. ஒன்று ஆம்பெட்டமைன். ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலேயானு 1887இல் பெர்லினில் அதைத் தயாரித்தார். அதன் ஊக்க விளைவு அடுத்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. மற்றது மெஸ்கலின். மெக்சிகோ பழங்குடியினர் வழிபாட்டில் உண்ணும் பெயோட்டே கள்ளியிலிருந்து ஆர்தர் ஹெஃப்டர் 1897இல் அதைப் பிரித்தெடுத்தார். 1919இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஷ்பேத் அதைச் செயற்கையாக உருவாக்கினார். இரண்டுக்கும் அடிப்படை ஒரே வகை: ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து நீளும் குட்டையான சங்கிலி, நுனியில் நைட்ரஜன். மெஸ்கலினின் வளையத்தில் மூன்று மெத்தாக்சி தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. ஆம்பெட்டமைனின் வளையம் வெறுமையானது. ஆனால் அதன் சங்கிலியில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக உண்டு. அந்தச் சிறு மெத்தில்தான் உடலில் அமைன்களைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, மருந்தை நீண்ட நேரம் தங்கவைக்கிறது.

மெஸ்கலினின் வளையத்தையும் ஆம்பெட்டமைனின் சங்கிலியையும் இணைத்தால் கிடைப்பது டி.எம்.ஏ. அது 1947இல் முதலில் தயாரிக்கப்பட்டது. மனிதர்களிடம் அதன் விளைவை 1955இல் கனடாவிலிருந்து வெளியிட்டவர்கள் பெரெட்ஸ், ஸ்மித்தீஸ், கிப்சன் ஆகியோர். ஆம்பெட்டமைன் வழி மாயத்தோற்ற மருந்துகள் குறித்த முதல் ஆய்வுகளில் அது ஒன்று. அவர்களில் ஜான் ஸ்மித்தீஸ் நைனிடாலில் 1922இல் பிறந்தவர். தந்தை இந்திய வனத்துறை அதிகாரி. மருந்து உட்கொண்டவர்களுக்கு விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் காட்டி, மூடிய கண்ணுக்குள் எழும் வண்ணக் கோலங்களைக் குறித்துக்கொண்டார்கள். ஸ்மித்தீஸோடு சேர்ந்து மெஸ்கலினை ஆராய்ந்த ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட்தான் பின்னாளில் ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லைப் படைத்தார்.

அடுத்த கட்டம் ஒரே மனிதரைச் சுற்றியது. அலெக்சாண்டர் ஷுல்கின் கலிபோர்னியாவில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் வேதியியலாளர். அவர் கண்டுபிடித்த ஒரு பூச்சிக்கொல்லி நிறுவனத்துக்கு நல்ல லாபம் தந்தது. பதிலுக்கு விருப்பப்பட்டதை ஆராயும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. டி.எம்.ஏ.வின் மெத்தாக்சிகளை வளையத்தில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். 2, 4, 5 ஆகிய இடங்களில் அவை அமைந்தபோது வீரியம் வெகுவாகக் கூடியது. 1963இல் அவற்றில் நான்காம் இடத்து மெத்தாக்சியிலிருந்து ஆக்சிஜனை நீக்கி மெத்திலை மட்டும் விட்டார். ஆக்சிஜன் நீங்கியது என்பதைக் குறிக்கும் ‘டெஸ்ஆக்சி’ என்ற சொல்லே டி.ஓ. என்ற முன்னெழுத்துகளாக நின்றுவிட்டது. அதே இடத்தில் புரோமினை வைத்து டி.ஓ.பி.யை 1967இல் உருவாக்கினார். சார்ஜென்ட், நாரன்ஹோ ஆகியோருடன் சேர்ந்து 1971இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மெஸ்கலின் நூற்றுக்கணக்கான மில்லிகிராமில் செய்வதை டி.ஓ.பி. ஓரிரு மில்லிகிராமில் செய்துவிடும். ஒரு மருந்து சிறிய காகிதத் துண்டில் அடங்குமா என்பதை இந்த வீரியமே தீர்மானிக்கிறது. மெஸ்கலினை அப்படி ஊறவைத்து விற்க முடியாது.

இக்குடும்பம் பொதுவெளிக்கு வந்த கதை விரிவாகச் சொல்ல வேண்டியது. ஏனெனில் பின்னாளில் நடந்த தவறுகள் எல்லாம் அதில் முன்கூட்டியே நடந்துவிட்டன. 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி வட்டாரத்தில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அங்கே எஸ்.டி.பி. என்ற பெயரில் புதிய மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எஸ்.டி.பி. என்பது அமெரிக்காவில் கார் இன்ஜினுக்கு ஊற்றும் ஒரு கலவையின் வணிகப் பெயர். அமைதி, சாந்தம், சமாதானம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் என்று அதற்கு ஒரு விரிவும் சொன்னார்கள். உள்ளே இருந்தது டி.ஓ.எம். தயாரித்தவர் எல்.எஸ்.டி. தயாரிப்பில் பேர்பெற்ற ஆவ்ஸ்லி ஸ்டான்லி. ஒவ்வொரு மாத்திரையிலும் தேவையானதைப் போலப் பல மடங்கு மருந்து இருந்தது. வாங்கியவர்கள் எல்.எஸ்.டி.க்குப் பழகியவர்கள், முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் விளைவு தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். தெரியவில்லை. மாத்திரை வீரியமில்லாதது என்று நினைத்து இன்னொன்றும் விழுங்கினார்கள். பிறகு இரண்டும் ஒன்றாக ஏறின. அது முடியவே முடியாது என்ற பயத்தில் பலர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அந்த ஜூன் மாதத்தில்தான் அங்கே திறக்கப்பட்டிருந்த ஓர் இலவச மருத்துவமனையும் அவர்களைப் பார்த்தது.

மருத்துவர்கள் எல்.எஸ்.டி. மிரட்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது என்ற வதந்தி வேகமாகப் பரவியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாலமன் ஸ்னைடரும் சகாக்களும் அதே ஆண்டு, கட்டுப்படுத்திய அளவில் தன்னார்வலர்களுக்கு டி.ஓ.எம். கொடுத்து ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் எட்டு மணி நேரம் விளைவு நீடித்தது, அது எல்.எஸ்.டி., மெஸ்கலின் ஆகியவற்றின் விளைவை ஒத்திருந்தது. குளோர்புரோமசின் அதைக் கூட்டவுமில்லை, நீட்டவுமில்லை. தெருவில் ஒருநாள் முழுக்க நீண்ட அனுபவத்துக்குக் காரணம் மருந்தின் மர்மம் என்று நம்பப்பட்டது. அளவுதான் காரணம். இந்த ஒரு கட்டுரையின் அருமையை மறக்கக் கூடாது. பயத்தில் உருவான செய்தியைச் சில மாதங்களில் அளந்து பார்த்துத் திருத்திய ஆய்வு அது.

டி.ஓ.பி. இந்தத் தாமதத்தில் டி.ஓ.எம்.மையும் மிஞ்சும். முழு விளைவு தெரிய மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். நீங்க ஒரு நாளும் ஆகலாம். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அது பொல்லாத மருந்து. எல்.எஸ்.டி. என்று வாங்கியவனுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே தெரியாது.

மூளையில் இம்மருந்துகள் செரட்டோனின் ஏற்பிகளில் 5-எச்.டி.2ஏ என்ற வகையைத் தூண்டுகின்றன. புலன்களிலிருந்து வரும் செய்திகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் புறணியில் அந்த ஏற்பி மிகுதி. சுவரில் அலை ஓடுவதும், நிறம் ஒலியோடு கலப்பதும், காலம் நீள்வதும், தன் உடல் தனதல்ல என்று தோன்றுவதும் அங்கே பிறக்கின்றன. அதே ஏற்பி ரத்தக் குழாய்ச் சுவரின் தசையிலும் இருக்கிறது. அங்கே தூண்டினால் குழாய் சுருங்கும். சாதாரண அளவில் இது ரத்த அழுத்த உயர்வாகவும் குளிர்ந்த விரல்களாகவும் நின்றுவிடும். அளவு மிஞ்சினால் கை கால்களுக்கு ரத்தம் போவதே தடைபடலாம். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1983இல் வெளியான ஒரு நோயாளி அறிக்கை இதை முதலில் தெளிவாகக் காட்டியது: டி.ஓ.பி. உட்கொண்டவருக்கு உடலெங்கும் தமனிகள் இறுகிப்போயின. பூஞ்சை பிடித்த தானியத்தை உண்டவர்களுக்கு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வந்த எர்காட் நோயின் அதே உருவம் அது. கால் வெளுத்துச் சில்லிட்டு, பாதத்தில் நாடி தட்டுப்படாமல் வரும் ஓர் இளைஞன் ‘ஸ்டாம்ப்’ சாப்பிட்டேன் என்று சொன்னால், எல்.எஸ்.டி. என்று எழுதிவிட்டு அமைதிப்படுத்தும் ஊசியோடு நிற்பது போதாது. குழாயை விரிக்கும் மருந்து தொடங்க வேண்டிய நேரம் அது.

சிகிச்சைக்கு முறிமருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, பதற்றத்துக்கும் வலிப்புக்கும் பென்சோடயசிபைன் வகை மருந்து, உடல் வெப்பத்தைத் தணித்தல், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து பார்த்தல் ஆகியவையே முறை. இதில் நேரம் முக்கியம். எல்.எஸ்.டி. என்று எண்ணிச் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் என வீட்டுக்கு அனுப்பிய நோயாளி டி.ஓ.பி. உட்கொண்டவராக இருந்தால், அப்போதுதான் உச்சத்தில் இருப்பார். மருத்துவமனையில் சிறுநீரில் செய்யும் விரைவுச் சோதனையும் உதவாமல் போகலாம். அது சாதாரண ஆம்பெட்டமைனைத் தேடும், டி.ஓ.எக்ஸ். மூலக்கூறுகளை அது சரியாகப் பிடிப்பதில்லை. ‘இல்லை’ என்று வரும் அந்தத் தாள், சந்தேகத்தைத் தவறான பக்கம் திருப்பிவிடும்.

சட்டத்தின் கதை வியன்னாவில் தொடங்கி டெல்லிக்கு வருகிறது. 1971 பிப்ரவரியில் வியன்னாவில் கையெழுத்தான மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில், எல்.எஸ்.டி., மெஸ்கலின் ஆகியவற்றோடு டி.ஓ.எம். தொடக்கத்திலேயே இடம்பெற்றது, சான் பிரான்சிஸ்கோவின் கோடை நான்கே ஆண்டுகள் பழையது. டி.ஓ.பி. 1980களின் நடுவில் சேர்ந்தது. அதே காலத்தில் எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வும் சேர்ந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுத் தலைவர் பால் கிரோஃப் அந்த மருந்து விஷயத்தில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். டி.ஓ.சி. அட்டவணைக்குள் வர 2020 வரை ஆனது. ஓர் அணுவை மாற்றினால் சட்டத்துக்கு வெளியே புதுப் பொருள் கிடைத்துவிடும் என்பதால் விற்பவர் முன்னாலும் அட்டவணை பின்னாலும் ஓடுகிற ஓட்டம் அரை நூற்றாண்டாக நிற்கவில்லை. ஸ்டாம்ப் வடிவில் பரவி உயிர்களைப் பறித்த என்-போம் வகை மருந்துகள் 2015இல் சேர்ந்ததும் இப்படித்தான்.

இந்த உடன்படிக்கையைத் தெற்காசியாவில் பின்தொடரும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் வட்டாரக் கிளை டெல்லி சாணக்யபுரியில், சந்திரகுப்த மார்க்கில் இருக்கிறது. தூதரகங்கள் நிறைந்த பகுதி அது.  இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகியவை அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. சாணக்யபுரிக்குப் பெயர் தந்த சாணக்கியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் மதுவைக் கண்காணிக்கும் அதிகாரிக்கென்று தனி அத்தியாயம் உண்டு. பகைவனுக்குப் பித்தும் குருடும் உண்டாக்கும் கலவைகள் அதன் இறுதிப் பகுதியில் வருகின்றன. மனத்தைக் குலைக்கும் பொருளை அரசு கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இந்தியா 1975இல் வியன்னா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதை நிறைவேற்றும் என்.டி.பி.எஸ். சட்டம் பத்து ஆண்டுகள் கழித்து, 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அடுத்த ஆண்டு மார்ச்சில் அமைந்தது. அதன் தலைமையகம் சாணக்யபுரிக்குப் பக்கத்தில் ஆர்.கே. புரத்தில் இருக்கிறது. சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் டி.ஓ.எம்.மும் டி.ஓ.பி.யும் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன. இந்தியத் தெருவில் அநேகமாக யாரும் கேள்விப்படாத இப்பொருள்கள் நாற்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்துவருகின்றன. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் எட்டாம் பிரிவில் விதிவிலக்கு உண்டு. மற்றபடி வைத்திருந்தால் 22ஆம் பிரிவு: சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை, வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள் சிறையும் ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் அபராதமும். வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவால் ஜாமீன் கிடைப்பதும் கடினம். போதைக்கு அடிமையாகி, தானாகவே சிகிச்சைக்கு முன்வருபவருக்கு 64-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. இதை அறிந்த பெற்றோர் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

எது சிறு அளவு, எது வணிக அளவு என்பதைப் பொருள்வாரியாக மத்திய அரசு 2001 அக்டோபரில் அறிவித்தது. எல்.எஸ்.டி.க்கு வணிக அளவு 0.1 கிராம், எம்.டி.எம்.ஏ.வுக்கு 10 கிராம். ஆம்பெட்டமைனுக்கு 50 கிராம். கலவையில் தூய மருந்தின் எடையை மட்டும் எடுப்பதா, மொத்த எடையை எடுப்பதா என்ற கேள்விக்கு, மொத்த எடையே என்று ஹிரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஸ்டாம்ப் வழக்குகளில் காகிதத்தின் எடையும் அதில் சேருமா என்ற வாதம் நீதிமன்றங்களில் எழுந்தது. சேரும் என்றால் ஒரு கைப்பிடி ஸ்டாம்பே வணிக அளவைத் தாண்டிவிடும். ஆகவே ஸ்டாம்பில் இருப்பது எல்.எஸ்.டி.யா, டி.ஓ.பி.யா, வேறொன்றா என்பது ஆய்வகக் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. பொருள் மாறினால் வரம்பு மாறும். வரம்பு மாறினால் ஒரு கல்லூரி மாணவனின் பத்து ஆண்டுகள் மாறும்.

இந்தியாவில் இதன் பரவலை அளவோடு பார்க்க வேண்டும். சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மாயத்தோற்ற மருந்துகளைப் பயன்படுத்துவோர் 0.12 சதவீதம், ஆம்பெட்டமைன் வகை ஊக்கிகள் 0.18 சதவீதம். மது 14.6 சதவீதம். ஆம்பெட்டமைன் குடும்பம் இங்கே செய்திக்கு வருவது பெரும்பாலும் மெத்தாக, அதுவும் டன் கணக்கில். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து கடலோரக் காவல் படை கைப்பற்றியது ஐந்தரை டன்னுக்கும் மேல். ஸ்டாம்ப் உலகம் அப்படியல்ல. ஒரு கடித உறைக்குள் அடங்கும். 2023 ஜூனில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் டெல்லி மண்டலம் சுமார் 15,000 எல்.எஸ்.டி. ஸ்டாம்ப்களைப் பிடித்தது. இருண்ட வலையில் ஆர்டர், கிரிப்டோ நாணயத்தில் பணம், கூரியரில் சரக்கு என்று ஓடிய வலைப்பின்னல் அது. வாங்கியவனும் விற்றவனும் முகம் பார்க்காத அந்த வணிகத்தில் உறைக்குள் இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஸ்டாம்பில் இருப்பதை அறிய முதலில் வண்ணச் சோதனைகள் உண்டு. எர்லிக் கரைசலைச் சொட்டினால் எல்.எஸ்.டி. ஊதாவாக மாறும். அதன் மூலக்கூறில் உள்ள இண்டோல் வளையம்தான் அந்த நிறத்துக்குக் காரணம். டி.ஓ.பி.யில் அந்த வளையம் இல்லை. துளி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். மார்க்விஸ் கரைசலோ டி.ஓ.எக்ஸ். குடும்பத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக நிறம் காட்டும். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு சொட்டுக் குப்பி, ஐந்து நிமிடம்: இவ்வளவு எளிய வேலைதான் அது. உறுதியான அடையாளத்துக்கு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவி தேவை. டெல்லியில் பூசாவில் உள்ள மத்திய வருவாய்க் கட்டுப்பாட்டு ஆய்வகம், தடய அறிவியல் ஆய்வகங்கள் ஆகியவற்றில் அது உண்டு. அவற்றின் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. அதே ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, இந்த வாரம் எல்.எஸ்.டி. பெயரில் வேறொன்று சுற்றுகிறது என்ற எச்சரிக்கையாக அது அன்றே போய்ச் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதலே புதிய செயற்கைப் போதைப்பொருள்களுக்கு இப்படியொரு முன்னெச்சரிக்கை முறையை நடத்திவருகிறது. ஐ.நா. அலுவலகமும் 2013இல் உலக அளவில் ஒன்றைத் தொடங்கியது.

இக்குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு; அதில் இந்தியாவின் பங்கு பெருமைக்குரியது. டி.ஓ.ஐ. என்ற அயோடின் வடிவம் தெருவில் அதிகம் புழங்கியதில்லை. நரம்பியல் ஆய்வகங்களில் அது அன்றாடக் கருவி. அயோடினின் இடத்தில் கதிரியக்க அயோடினை வைத்தால், மூளையில் 5-எச்.டி.2ஏ ஏற்பி எங்கெங்கே இருக்கிறது என்பதைப் படமாகவே பார்க்கலாம். எலிக்கு டி.ஓ.ஐ. செலுத்தினால் நீரில் நனைந்ததுபோல் தலையைச் சட்டென்று உதறும். எத்தனை முறை உதறுகிறது என்று எண்ணுவதே அந்த ஏற்பி தூண்டப்பட்டதா என அறியும் எளிய வழி. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதிதா வைத்யா 1997இலேயே, யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, டி.ஓ.ஐ. மூளை நரம்பு வளர்ச்சிக் காரணியின் அளவை மாற்றுவதைச் சகாக்களோடு காட்டினார். 2019இல் அவருடைய மும்பைக் குழு, இதே ஏற்பி வழியாகச் செரட்டோனின், நரம்புச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருகச் செய்கிறது என்று வெளியிட்டது.

2024 நவம்பரில் ‘நியூரான்’ இதழில் அக்குழு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, டி.ஓ.ஐ. பதற்றத்தைக் குறைப்பது மூளையின் எந்த இடத்தில் என்று தேடியது. விடை வென்ட்ரல் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியில் கிடைத்தது. அங்கே வேகமாகத் துடித்து மற்றச் செல்களை அடக்கும் பார்வால்புமின் வகை இடைநரம்புச் செல்களை அம்மருந்து எழுப்பிவிடுகிறது. பதற்றத் தணிவும் மாயத்தோற்றமும் ஒரே மருந்தில் இருந்தாலும், மூளையில் அவற்றின் பாதைகளைத் தனித்தனியே பிரித்தறிய முடியும் என்ற நம்பிக்கையை இது தருகிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காட்சிகள் எழாத மருந்தைத் தேடுவோருக்கு அது பெரிய உதவி.

இதே டி.ஓ.ஐ.யையும் டி.ஓ.சி.யையும் மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்க்க அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமை 2022இல் முன்மொழிந்தது. ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள்; சில மாதங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. 2023 டிசம்பரில் மீண்டும் முன்மொழியப்பட்டு, 2024 நவம்பரில் விசாரணைக்கு வந்தது. தெருவில் பெரிதாகப் புழங்காத ஒரு பொருளைப் பூட்டினால், உரிமம், தனிப் பெட்டகம், பதிவேடு என்று ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பது ஆய்வாளர்களின் வாதம். தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பில் அது டி.ஓ.எம்.முக்கு இணையானது என்பது முகமையின் வாதம்.